எண்ணிக்கை இருக்கு, பேர் எங்கே?

போன தலைமுறைக்குத் தெரிஞ்சு, நாம கவனிக்காம கடந்து போற ஒரு கல்லைப் பத்தி இன்னிக்குப் பேசப்போறேன்.

தமிழ்நாட்டுல சில ஊர்கள்ல பழைய கட்டடச் சுவர்ல ஒரு கல்வெட்டு பதிச்சிருக்கும். பிரிட்டிஷ் ஆட்சியில வச்சது. 1914-1919 பெரும்போருக்கு இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிர் விட்டாங்க. அவ்வளவுதான். ரெண்டு எண். ஒரு பேர்கூட இல்லை.

முதல் உலகப் போருக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். பிரான்ஸ், இன்றைய இராக், கிழக்கு ஆப்பிரிக்கான்னு பல இடங்கள்ல செத்தாங்க. அதே போருக்கு இங்கிலாந்துக் கிராமங்கள்ல வச்ச நினைவுச்சின்னங்களைப் பாருங்க. இறந்தவங்க பேர் வரிசையா இருக்கும்.

பேர் பொறிக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு சங்ககால நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒண்ணு, கூடலூர் ஆகோள்ல, அதாவது மாடு கவர்ற சண்டையில, இறந்த அந்தவன் என்பவருக்கு நட்ட கல். எழுத்து தமிழி. 2,000 வருஷம் தாண்டியும் அந்தப் பேரை வாசிக்க முடியுது. 100 வருஷத்துக்கு முன்னாடி போனவங்க பேர் கல்லில் இல்லை.

உங்க சொந்த ஊர்ல இப்படி ஒரு கல் இருந்தா, பெரியவங்களைக் கேளுங்க: "யாரு யாரு போனாங்க?" சொல்ற பேரை எழுதி வைங்க. அது இன்னும் சில வருஷம்தான் கேட்டா கிடைக்கும்.