எடைக்குப் போகாத இதழ்கள்

(நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பழைய இதழ்களைச் சேர்த்து வைப்பவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வரும். அதுவும் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய இதழ்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சிரிப்பைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, இங்கிலாந்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரை பி.பி.சி. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் ஒருவரின் கதை. முதல் பயணத்தில் அவரோடும் அவர் பேத்தியோடும் மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? அந்தப் பேத்தியின் பள்ளி ஆசிரியர்கள் இருவர்! ஒருவர் அறிவியல், மற்றவர் வரலாறு. பிள்ளைகளுக்கு இரண்டு பாடமும் கதையோடு கதையாகப் போய்ச் சேரட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்தத் தொடரை பி.பி.சி.யே காப்பாற்றவில்லை. ஒளிநாடா விலை அதிகம் என்பதால், பதிந்ததை அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த படச்சுருள்கள் பலவற்றையும் கழித்துக்கட்டினார்கள். 1960-களில் ஒளிபரப்பான 253 பகுதிகளில் ஏறத்தாழ நூறு, உலகெங்கும் தேடியும் கிடைக்காமல் போயின.

ஆனால் காணாமல்போன பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. வீட்டில் தொடரைப் பார்த்த பிள்ளைகளும் இளைஞர்களும் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்திருந்தார்கள். ஜான் குரா என்ற புகைப்படக்காரர், ஒளிபரப்பு நடக்கும்போதே தொலைக்காட்சித் திரையைப் படம் எடுத்து, நிகழ்ச்சியில் பணியாற்றியவர்களுக்கு விற்றுவந்தார். பல பகுதிகளுக்கு இன்று கண்ணால் காணக் கிடைப்பது அந்தப் படங்கள்தான்.

1979 அக்டோபரில் இந்தத் தொடருக்கென்றே ஒரு வார இதழ் வந்தது. விலை 12 பென்ஸ். பிறகு மாத இதழாகி இன்றும் வருகிறது. வீட்டில் ஒளிநாடாக் கருவி அரிதாக இருந்த காலம் அது. பழைய கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள அந்த இதழின் கதைச்சுருக்கமும் படமும் ஒரு வழி. குரா எடுத்த படங்களையும் பின்னாளில் அதுவே வரிசையாக வெளியிட்டது. ரசிகர்கள் அந்தப் படங்களை ஒலியோடு சேர்த்து, தொலைந்த பகுதிகளை ஓரளவு மீட்டுக் கட்டினார்கள்.

முதல் இதழோடு வந்த, தேய்த்து ஒட்டும் படங்கள் பிரிக்காமல் இருந்தால் மதிப்புக் கூடுதலாம். எனக்கென்னவோ, ஒட்டிப் பார்த்த பிள்ளையைத்தான் பிடிக்கிறது.

இதழில் படித்ததை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1967-இல் ஒளிபரப்பான 'சைபர்மேன்களின் கல்லறை' என்ற கதை தொலைந்திருந்தது. அது மிகச் சிறந்தது என்று ரசிகர்கள் எழுதி எழுதியே அதன் புகழ் வளர்ந்தது. 1991 இறுதியில் ஹாங்காங்கில் படச்சுருள் கிடைத்தது. பார்த்தவர்களில் சிலருக்கு, 'இவ்வளவுதானா?' என்று ஆகிவிட்டது. அதற்காக அந்தப் பழைய கட்டுரைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கதை எப்படி இருந்தது என்பதைவிட, பார்த்தவர்கள் அதை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அவை நல்ல சான்று.

எட்டாம் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். பழைய ஆண்டு விழா ஒன்றைப் பற்றிப் பள்ளி மலரில் வந்த குறிப்பு, ஒரு புகைப்படம், அன்று மேடையேறிய முன்னாள் மாணவர் ஒருவர் சொல்வது. மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பிள்ளைகளே எழுதட்டும். அதற்கு முதலில் அந்த மலர் அலமாரியில் இருக்க வேண்டுமே!

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பள்ளியில் இருக்கும் மிகப் பழைய இதழையோ மலரையோ எடுத்து வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஆண்டும் மாதமும் மட்டும் தெரிந்தால் போதும்.