ஒரகடத்தில் ஒரு மாசம்: 15,000 வந்தால் மிச்சம் எவ்வளவு?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஒரகடத்துல கான்ட்ராக்ட் வேலை கிடைச்சிருக்கு. பிடித்தம் போகக் கைக்கு 15,000 வரும். கம்பெனி பஸ் உண்டு, ஷிப்ட்ல ஒரு வேளை சாப்பாடு உண்டு. "அண்ணே, வீட்டுக்கு மாசம் 8,000 அனுப்ப முடியுமா?"ன்னு கேட்டிருந்தார்.

முடியாது தம்பி. 5,000 அனுப்பலாம். அதுவும் முதல் ரெண்டு மாசம் எதிர்பார்க்காதீங்க.

நான் அந்த ரோட்டுல ஆறு வருஷம் இருந்தேன். அதுல பாதி, அஞ்சு பேர் இருந்த ரூம்ல. அந்த அனுபவத்துல சொல்ற கணக்கு இது. ரூமுக்கு ரூம் கொஞ்சம் மாறும்.

அங்க வெளியூர்க்காரங்க ரெண்டு வகை. ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியை ஆரம்பிச்சதுலேர்ந்து கொரியாக்காரர்கள் வந்தாங்க. 2010-ல் ரெனோ-நிசான் ஆலை ஒரகடத்துல திறந்த பிறகு ஜப்பான்காரர்களும் கூடினாங்க. அவங்கள்ல பலருக்குக் குடியிருப்பு, கார், டிரைவர் எல்லாம் கம்பெனி கணக்கு. சில பேர் ஈ.சி.ஆர். கடற்கரைப் பக்கம் குடும்பத்தோட தங்கி, தினம் கார்ல வந்து போறாங்க. அதே கேட்ல நுழையற நம்ம பையனுக்குத் தண்ணி கேன்கூட சொந்தக் கணக்கு. அதைப் பேசுவோம்.

முதல்ல கையில பணம் வரும் வரைக்குமான நாட்கள். ஒண்ணாம் தேதி சேர்ந்தா, சம்பளம் அடுத்த மாசம் 7 அல்லது 10-ம் தேதிதான். கிட்டத்தட்ட 40 நாள். அதுக்குள்ள ரூம் அட்வான்ஸ்ல உங்க பங்கு, பாய், பக்கெட், சாப்பாடு எல்லாம் ஆகணும். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கேட்கக் கூடாது. ஆனா பேச்சிலர் பசங்களுக்கு வீடு கிடைக்கிறதே பெரிசு, யார் போய் சட்டம் பேசுறது! ஊர்லேர்ந்து கிளம்பும்போது 15,000 கையில இருக்கட்டும். இல்லேன்னா முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே கடன்ல நிப்பீங்க.

ஒரு பெட்ரூம் வீடு 9,000-ன்னு வைங்க. அஞ்சு பேர்னா தலைக்கு 1,800. கரண்ட்ல கவனமா இருங்க. மின் வாரியம் வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டை இலவசமா தருது. ஆனா வீட்டுக்காரர் தனி சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வாங்கினா, அந்தச் சலுகை உங்க கைக்கு வராது. 250 யூனிட் ஓடினா 2,000, தலைக்கு 400. தண்ணி கேனுக்கு ஒரு 100 சேர்த்துக்குங்க.

உண்மையில பணத்தைத் தின்கிறது வாடகை இல்லை, சாப்பாடு. ஒரு வேளை கேன்டீன்ல முடிஞ்சாலும், மீதி ரெண்டு வேளைக்குக் கடையில சாப்பிட்டா நாளைக்கு 130 ஆகும். 26 நாளைக்கு 3,380. லீவு நாள்ல கேன்டீன் கிடையாது. பிரியாணி, டீ, சாயங்காலம் ஏதாவதுன்னு 300 சாதாரணமா போகும், நாலு ஞாயிறுக்கு 1,200. ஆக 4,600 பக்கம். ரூம்லயே சமைச்சா 2,500-க்குள்ள முடிக்கலாம். கேஸ் கனெக்‌ஷனுக்கு முகவரிச் சான்று இல்லையேன்னு பல பேர் விட்டுடறாங்க. 5 கிலோ சின்ன சிலிண்டருக்கு அடையாள அட்டை போதும். கிலோ கணக்குல பார்த்தா வீட்டு சிலிண்டரைவிட விலை கூடத்தான், ஆனாலும் கடைச் சாப்பாட்டைவிட லாபம். எங்க ரூம்ல சமையல் நின்னதுக்குக் காரணம் கேஸ் இல்லை. ஆளுக்கொரு ஷிப்ட்ல இருந்தா பாத்திரம் கழுவுறது யாருங்கிற சண்டை. முடிஞ்சா ஒரே ஷிப்ட் ஆட்களோட ரூம் எடுங்க.

ரேஷன் ஞாபகம் வரும். 2020 அக்டோபர்லேர்ந்து மாநிலத்துல எந்தக் கடையிலயும் வாங்கலாம். ஆனா உங்க பேர் வீட்டு கார்டுல இருக்கு, அரிசியை அம்மா ஊர்ல வாங்கிடுவாங்க. குடும்பத்தோட இடம் மாறி வந்தவங்களுக்குத்தான் இது பெரிய உதவி.

போனுக்கு 300. 28 நாள் பேக்னா வருஷத்துக்கு 13 தடவை, 12 இல்லை. சோப்பு, முடிவெட்டு 500. மாசம் ஒரு தடவை ஊருக்குப் போய்வர, வழிச் சாப்பாட்டோட 1,500. 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது சென்னைக்காரங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கலாம். வண்டலூர் ரோட்டுல வர்ற நமக்குக் கோயம்பேடு வரைக்கும் போற அலைச்சல் மிச்சம்.

இதெல்லாம் கூட்டினா 9,200. மீதி 5,800. வீட்டுக்கு 5,000 அனுப்பினா கையில 800.

இந்த 800-ஐ நம்பித்தான் பசங்க மூணாவது மாசமே பைக் எடுக்கிறாங்க. தவணை 3,000, மேல பெட்ரோல். கம்பெனி பஸ் இருக்கும்போது எதுக்குன்னா, ஸ்டாப் மெயின் ரோட்டுல, ரூம் உள்ள ஒரு கிலோமீட்டர். நைட் ஷிப்ட் முடிஞ்சு நடக்கிறது கஷ்டம்தான், புரியுது. ஆனா அந்த 3,000 வீட்டுக்குப் போற பணத்துலேர்ந்துதான் வரணும். கான்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்கிற வரைக்கும் ஒரு மாசம் சும்மா இருந்தா, சம்பளம் நிக்கும். வாடகையும் தவணையும் நிக்காது. எங்க ரூம்லயே ஒருத்தன் அப்படி வண்டியை விட்டான். ஒரு மாசச் செலவு, அதாவது 9,000, பேங்க்ல தனியா சேர்ற வரைக்கும் பழைய சைக்கிள் போதும்னு நான் சொல்வேன்.

தங்கச்சிகளுக்குக் கணக்கு வேற. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்குற சிப்காட் விடுதி திறந்தாங்க. கம்பெனி விடுதின்னா அட்வான்ஸ், பக்கெட் தொல்லை குறையும். வெள்ளை போர்டு பஸ்லயும் டிக்கெட் இல்லை. ஆனா சேரும்போதே, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்துல எவ்வளவு பிடிப்பாங்கன்னு எழுத்துல கேளுங்க. வேலை போனா எத்தனை நாள்ல அறையைக் காலி பண்ணணும்னும் கேளுங்க.

ஒண்ணு விட்டுட்டேன். கான்ட்ராக்டர் மாறும்போது பி.எஃப்.-க்குப் புது நம்பர் போட விடாதீங்க, பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுங்க. அடுத்த எபிசோட் முழுக்க அதுதான். பே ஸ்லிப்பை எடுத்து வச்சுக்கிட்டு கேளுங்க.