முதல் மழைக் காளான்: உண்ணலாமா, ஒதுக்கலாமா?

(உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்து, இடி இடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கூடையோடு புற்றங்கரைக்குத்தான். புற்றுக்காளான் குழம்பின் ருசிக்கு ஆட்டுக்கறியும் ஈடாகாது என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். ஆகவே, காளானே பறிக்காதீர்கள் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. எதை, எப்படிப் பறிப்பது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், எனக்குப் பழக்கமான உழவர் ஒருவர் பை நிறையக் காளான் கொண்டுவந்தார். காம்புகளைக் கத்தியால் சீராக அறுத்திருந்தார். பாதி விரிந்த குடைகள். அடியில் மடிப்புகள் பால் வெள்ளை. "எங்கே பறித்தீர்கள்?" என்றேன். "புற்றுக்குப் பக்கத்திலேதான் சார்" என்றார். "புற்றுக்காளான் மாதிரிதான் தெரிகிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வகுப்பில் காட்டுவதற்காக ஒரு காளானை மட்டும் வாங்கி, குடையைக் காகிதத்தின் மேல் வைத்துக் கண்ணாடித் தம்ளரால் மூடிவைத்தேன். விடிந்து பார்த்தபோது காகிதத்தில் மங்கிய பச்சை நிறத்தில் தூள் படிந்திருந்தது. உடனே அவருக்குப் போன் செய்தேன். மருத்துவமனையிலிருந்து அவர் மனைவி எடுத்தார். இரவு ஒன்பது மணிக்கே நான்கு பேருக்கும் வாந்தி, பேதி. அதில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. இரண்டு நாள் சலைன் ஏற்றி எல்லோரும் பிழைத்தார்கள். நான் நேரில் போனபோது அவர், "உங்களைக் கேட்டுத்தானே சார் சமைச்சோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்தக் காளான் நம் மேய்ச்சல் தரையிலும், எருக்குழி ஓரத்திலும், புல்வெளியிலும் மழைக்குப்பின் தாராளமாக வரும். குடை ஒரு சாண் அகலம்கூட விரியும். வெள்ளைக் குடையின் மேல் பழுப்புச் செதில்கள் இருக்கும். காம்பில் ஒரு வளையம் இருக்கும். முற்றியதில் அதை மேலும் கீழும் நகர்த்தலாம். இளசாக இருக்கும்போது மடிப்புகள் வெள்ளைதான். முற்றிய பிறகே பச்சை ஏறும். நாம் பறிப்பதோ இளசாக! ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உண்மையான புற்றுக்காளான் தரையில் முளைப்பதல்ல. கரையான் புற்றுக்குள்ளே தேனடை போன்ற பஞ்சுக் கூடு ஒன்றைக் கட்டி, அதில் பூஞ்சையை வளர்க்கிறது. நம்மைப்போல் அதுவும் ஒரு விவசாயி! மழை பெய்து மண் இளகியதும் அந்தக் கூட்டிலிருந்து வேர் போல நீண்ட காம்பு கிளம்பி மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. துளைப்பதற்கு வசதியாகக் குடையின் உச்சியில் கெட்டியான கூர் முனை ஒன்று இருக்கும். ஆகவே காளானைக் கிள்ளாதீர்கள், அறுக்காதீர்கள். களைக்கொத்தால் பக்கத்து மண்ணை மெதுவாக விலக்கி அடிவரை பாருங்கள். காம்பு மெலிந்துகொண்டே போய்க் கரையான் கூட்டில் முடிகிறதா? உச்சியில் கூர் முனை உண்டா? இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே அது கூடைக்கு வரலாம். புற்றுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது சாட்சி ஆகாது. புற்றுக்குப் பக்கத்தில் எருவும் கிடக்கும் அல்லவா?

புற்றின் மேல் நூற்றுக்கணக்கில் பூத்தாற்போல் வரும் நகத்தளவுக் காளான்களும் இந்த இனமே. ஆனால் அவற்றுக்கு நீண்ட வேர் கிடையாது. அதே அளவில் வேறு காளான்களும் முளைப்பதால், பரம்பரையாகப் பறித்துப் பழகியவர் உடன் இல்லாவிட்டால் விட்டுவிடுவது நல்லது.

அடிவரை தோண்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகில் காளானால் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்லும் இனத்திற்குக் காம்பின் அடியில் கிண்ணம் போன்ற ஓர் உறை உண்டு. அது மண்ணுக்குள் மறைந்திருக்கும். கிள்ளிப் பறித்தால் அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும், நஞ்சு கூடைக்கு வந்துவிடும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். காளானைப் பறித்துச் சமைக்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிதல்ல. நம் வைக்கோல் காளானுக்கும் அடியில் உறை உண்டே என்று கேட்பீர்கள். உண்டுதான். அதன் மடிப்பு முற்றும்போது இளஞ்சிவப்பாகும். கொல்லும் காளானின் மடிப்பு வெள்ளையாகவே இருக்கும். ஆனால் மொட்டாக இருக்கையில் இரண்டும் ஒரே மாதிரி. ஆகவே தானாக முளைத்ததில் உறை கண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

தம்ளர் சோதனையை நீங்களும் செய்யலாம். பச்சைத் தூள் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், குப்பைக்குழிதான். புற்றுக்காளானுக்கு வெளிறிய இளஞ்சிவப்புத் தூள் விழும். ஆனால் வேறு சில நஞ்சுக் காளான்களுக்கும் அதே நிறம் உண்டு. ஒதுக்குவதற்குத்தான் இந்தச் சோதனை உதவும், ஏற்பதற்கு அல்ல.

வெள்ளிக் காசு போட்டுப் பார்ப்பது, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பது, மஞ்சள் போட்டு வேகவைப்பது, இவை எதையும் நம்பவேண்டாம். எறும்பும் நத்தையும் தின்றால் நாமும் தின்னலாம் என்பதும் பொய். நஞ்சுக் காளான் பளிச்சென்று நிறமாக இருக்கும் என்பார்கள். மிகக் கொடியவற்றுள் பல தூய வெள்ளை. அவற்றின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. இப்போது பலர் கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பிக் கேட்கிறார்கள். படத்தில் வேரும் தெரியாது, அடியுறையும் தெரியாது. படத்தைப் பார்த்து நான் யாருக்கும் "சாப்பிடுங்கள்" என்று சொல்வதில்லை.

காளான் ஆசைக்கு வேறு வழியும் இருக்கிறது. பால் காளானும் ஒரு காலத்தில் காட்டில் முளைத்ததுதான். 1974-இல் வங்காள அறிவியலாளர்கள் அதை முறையாக விவரித்தார்கள். இன்று நம் வெப்பத்திலேயே வைக்கோலில் வளர்கிறது. அதைப்பற்றி வேறொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் தவறு நேர்ந்துவிட்டால், நேரத்தைக் கவனியுங்கள். உண்ட 1 முதல் 3 மணிக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் நான் சொன்ன பச்சைக் காளான் வகை. குழந்தைகளும் முதியவர்களும் நீர்ச்சத்து இழந்து அதிலும் ஆபத்தாகலாம். 6 மணி நேரத்திற்கு மேல் கழித்து வந்தால் அது ஈரலைத் தாக்கும் நஞ்சாக இருக்கலாம். அதில் ஒரு சூழ்ச்சி உண்டு: ஒரு நாள் கழித்து வாந்தி நின்று ஆள் தேறியதுபோல் தெரியும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மூன்றாம், நான்காம் நாளில்தான் ஈரல் கெடும். எந்த வகையானாலும் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். உண்டவர் அத்தனை பேரும், வாந்தி எடுக்காதவர் உட்பட, போகவேண்டும். போகும்போது சமைக்காத காளான் மீதியிருந்தால் காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சட்டியில் மிஞ்சிய குழம்பையாவது எடுத்துக்கொண்டுபோய், எத்தனை மணிக்கு உண்டீர்கள் என்பதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள்.