பொது இலக்கும் எல்லைக் கிராமங்களும்

பள்ளி மாணவர் அனைவரும் குறித்த வகுப்பில் குறித்த திறனை எய்த வேண்டும் என்று இலக்கு வகுப்பது நடைமுறைக்கு ஒத்ததா? மாநிலச் சராசரியைக் கொண்டு இதற்கு விடை கூறிவிடலாம். ஆயினும் அது முழு விடையாகாது. கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் நிலை இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. ஆனால் வீட்டுமொழி இந்த எல்லையை ஒட்டிப் பிரியவில்லை. பாறசாலைப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும், அடுத்துள்ள களியக்காவிளைப் பகுதியில் மலையாளம் பேசும் குடும்பங்களும் வாழ்கின்றன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடமாயிற்று.

இரு அளவுகோல்கள்

சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே தேர்ச்சியின் அளவு மாறுகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பாடந்தோறும் 100க்கு 35 மதிப்பெண் தேவை. கேரளத்தில் 100க்கு 30 போதும். அதில் 20 மதிப்பெண் பள்ளியின் தொடர் மதிப்பீட்டுக்கு உரியது. அதனை முழுமையாகப் பெற்றவர், எழுத்துத் தேர்வில் 80க்கு 10 பெற்றாலே தேர்ச்சியடைய இயன்றது. தேர்ச்சி விகிதம் 99 சதவீதத்தைத் தாண்டிய நிலையில், எழுத்துத் தேர்வில் மட்டுமே 30 சதவீதம், அதாவது 80க்கு 24, பெற வேண்டும் என 2024 ஆகஸ்டில் முடிவு செய்யப்பட்டது. எட்டாம் வகுப்பில் 2024-25இல் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிவுபடுத்துவது திட்டம். பின்தங்கியோருக்குத் துணை வகுப்பும் மறுதேர்வும் உண்டு. இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கதே. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்குத் துணை வகுப்பு எம்மொழியில் நடைபெறும் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

அளக்கும் முறை

2021 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்கும் திறனை இலக்காகக் கொண்டது. ஆயின் ‘படித்துக்கொண்டிருந்தாள்’ என்பது தமிழில் ஒரே சொல்; இந்தியில் அதே பொருள் மூன்று சொற்களாக எழுதப்படுகிறது. சொல்லின் எண்ணிக்கை ஒன்றாயினும் குழந்தையின் உழைப்பு ஒன்றன்று. 2022இல் ஏறத்தாழ 86,000 மாணவரிடையே 20 மொழிகளில் ஆய்வு நடத்திய தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, மொழிதோறும் தனித்தனி அளவை வகுத்தது. மொழிகளுக்கிடையே செய்யப்பட்ட இந்தத் திருத்தம், இருமொழிச் சூழலில் வளரும் குழந்தைக்கும் தேவை.

அயல்நாட்டு அனுபவமும் இங்குக் கருதத்தக்கது. 2002இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமொன்று, 2013-14க்குள் மாணவர் அனைவரும் தேர்ச்சி நிலையை எய்த வேண்டும் என விதித்தது. தேர்ச்சி நிலையை வரையறுக்கும் உரிமை மாநிலங்களிடம் இருந்தமையால், சில மாநிலங்கள் அதனைத் தாழ்த்திக்கொண்டன. இலக்கு எட்டப்படாமலே 2015இல் வேறு சட்டம் இயற்றப்பட்டது. எனினும், மொழிச் சிறுபான்மையினர் உள்ளிட்ட பிரிவினரின் முடிவுகளைத் தனித்தனியே வெளியிடச் செய்தது அதன் நற்பயனாகும்.

செய்யத்தக்கவை

படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகிய அடிப்படைத் திறன்களில் அனைவருக்கும் பொதுவான குறைந்தபட்ச இலக்கு நடைமுறைக்கு ஏற்றதே. அதற்கு மேற்பட்ட திறன்கள் அனைத்தையும் ஒரே நாளில், ஒரே அளவில் எய்த வேண்டும் என்பது ஏற்றதன்று. எல்லைப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவரின் வீட்டுமொழியும் பயிற்றுமொழியும் பதிவு செய்யப்பட வேண்டும். முதல் மதிப்பீடு அவருக்கு விளங்கும் மொழியில் அமைய வேண்டும். தமிழ் ஆசிரியர் பணியிடங்கள் காலியாக விடப்படலாகாது; தமிழ்ப் பாடநூல்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும். சென்ற ஆண்டு நிலையிலிருந்து மாணவர் எவ்வளவு முன்னேறினார் என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

இலக்கு என்பது முதலில் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், பின்னரே மாணவரை. ஆசிரியரும் நூலும் வந்து சேராத வகுப்பில் 80க்கு 24 பெறாத குழந்தையின் பெயரை மட்டும் பட்டியலில் எழுதுவது, நிர்வாகத்தின் குறையைக் குழந்தையின் கணக்கில் ஏற்றுவதேயாகும்.