மார்பு நோவும் மனத்திடமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வலியைப் பற்றியது. இருதயத்திற்குப் பைபாஸ் என்னும் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பி, மாதங்கள் பல சென்ற பின்னும் சிலருடைய மார்பை விட்டு நீங்காத நோவே அது. இச்சிகிச்சை பெற்றோர் நமது குடும்பங்களிலும் பலர் உளர். அவருள் சிலர் இந்நோவை வாய்திறந்து சொல்லுவதில்லை. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் சிகிச்சை செய்வித்த மக்களிடம், 'இன்னும் வலிக்கின்றது' என்று சொல்ல அவர்களுக்கு மனம் கூசுகின்றது. வேறு சிலரோ, மார்பில் சுருக்கென்று தைக்கும்போதெல்லாம் காலன் வந்துவிட்டானென்று நடுங்கி, நடப்பதையும் விட்டு, நாற்காலியே கதியென்று இருந்துவிடுகின்றனர். மறைப்பதும் தீது, வீணே அஞ்சுவதும் தீது. வலி இன்னதென்று அறிதலே இவ்விரண்டிற்கும் மருந்து என்பது எமது துணிபு.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபட்டால், அடைப்பைத் தாண்டி வேறொரு குழாயைப் பொருத்தி, இரத்தத்திற்குப் புதுவழி காட்டுவதே இச்சிகிச்சை. அர்ஜென்டினா தேசத்தவரான ரெனே ஃபவலோரோ என்னும் நிபுணர், 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயைக் கொண்டு இம்முறையைச் செய்து நிலைநாட்டினார். நமது சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-ஆம் ஆண்டில் டாக்டர் கே. எம். செரியன் அவர்கள் இதனைச் செய்தார். அன்று அதிசயமாய் இருந்தது இன்று தமிழ்நாட்டின் பல நகரங்களிலும் நாள்தோறும் நடைபெறுகின்றது.

இனி, நோவு பிறக்குமாற்றைக் கூறுவோம். இருதயத்தை அணுகும்பொருட்டு, மார்பின் நடுவெலும்பை மேலிருந்து கீழாக அறுத்து இருபுறமும் விரிக்கின்றனர். காரியம் முடிந்ததும் எஃகுக் கம்பியால் பிணைத்துக் கட்டுகின்றனர். அவ்வெலும்பு நன்கு கூடுவதற்கு 2 அல்லது 3 மாதங்கள் செல்லும். அதுகாறும் வலிப்பது இயல்பு. எனினும் சிலருக்கு வலி அத்துடன் தீர்வதில்லை. காரணம் யாதெனின், மார்பின் உட்சுவரில் ஓடும் இரத்தக் குழாயொன்றையும், பெரும்பாலும் இடப்புறத்ததை, பிரித்தெடுத்து இருதயத்தில் பொருத்துகின்றனர். நெடுங்காலம் அடைபடாது நிற்பதில் அது காலின் குழாயினும் சிறந்தது. ஆனால் அதனைப் பிரிக்கையில், விலாக்களினிடையே ஓடும் நுண்ணிய நரம்புகள் இழுபடவும் சிதைவுறவும் கூடும். எலும்பு கூடிவிடும், நரம்போ எளிதில் ஆறாது. ஆதலின் மார்பின் இடப்பக்கத்தே மரமரப்பு, எரிச்சல், ஊசி குத்தல், சட்டை உராய்ந்தாலும் கூச்சம் ஆகியவை தோன்றுகின்றன. யாமும் ஐந்தாண்டுகளுக்கு முன் இச்சிகிச்சை பெற்றோம். குளிர்ந்த விடியற்போதில் தழும்பின் இடப்புறத்தே உள்ளங்கை அகலம் இன்றும் எமக்கு எரிகின்றது.

'குழாயெல்லாம் சரியாய் இருக்கின்றதாமே; பின் என்ன வலி? எல்லாம் மனப்பிரமை' என்று பேசுவோர் உண்டு. சஸ்திர சிகிச்சைக்குப் பின் 3 மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலிக்கு, 2022-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரும் இடமும் தரப்பட்டுள்ளன என்பதை அவர்கள் அறிவார்களாக. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பொய்யன்று.

அங்ஙனமாயின் மார்புச் சுவரின் வலியை இருதய வலியினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? சுவரின் வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம். அவ்விடத்தை அழுத்தினால் மிகும். புரண்டு படுத்தாலும், இருமினாலும், கையைத் தூக்கினாலும் தைக்கும். இருதய வலியோ பெரும்பாலும் பாரம் வைத்து அழுத்தினாற்போல நெஞ்சு முழுவதும் பரவும். மாடிப்படி ஏறுகையிலும் விரைந்து நடக்கையிலும் தோன்றி, நின்று இளைப்பாறினால் தணியும். தோள், கை, தாடை ஆகியவற்றிற்கும் செல்லும். ஆயினும் இவ்விதி எல்லார்க்கும் ஒத்ததன்று. நீரிழிவுடையார்க்கும் பெண்டிர்க்கும் மூச்சுத் திணறல், களைப்பு, வயிற்றுப் புரட்டல் என்னும் வேடங்களிலும் இருதய நோய் வரும். மேலும், பொருத்திய குழாய்களும் ஆண்டுகள் செல்ல அடைபடக் கூடும். ஆகவே புதிதாய் வந்த வலியையும், தன்மை மாறிய வலியையும் வைத்தியரிடம் சொல்லியே தீரவேண்டும். ஓய்ந்திருந்தும் தணியாத நெஞ்சழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றுள் எது வரினும் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், தழும்பில் சிவப்பு அல்லது சீழ், நடுவெலும்பு அசைந்து 'கிளிக்' என்னும் ஓசை ஆகியவை தோன்றினால், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சுவரின் வலியென்று வைத்தியர் உறுதி செய்தபின், அதற்கும் பரிகாரம் உண்டு. நரம்பின் வலியைத் தணிக்கத் தனி மருந்துகள் இருக்கின்றன. கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளுள் பல, இருதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் தீங்கு செய்வன. அவற்றைத் தொடாதிருத்தல் நலம். இருதயத்திற்கென்று கொடுத்த மாத்திரைகளை வலியின் சலிப்பால் நிறுத்துவது அதனினும் பெருந்தீங்கு. முதல் 2, 3 மாதங்களில் தண்ணீர்க் குடமும் அரிசி மூட்டையும் தூக்கலாகாது; இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக் கொள்வது உதவும். அதன்பின் வைத்தியர் சொன்ன அளவில் நாள்தோறும் நடப்பதும், தோளை மெல்லச் சுழற்றுவதும், ஆழ்ந்து மூச்சுவிடுவதும் வேண்டும். அசையாதிருக்கும் தோள் இறுகும். இறுகிய தோள் வலியைப் பெருக்கும்.

இல்லத்தார்க்கு ஒரு சொல். நோயாளி 'வலிக்கின்றது' என்றால், முதலில் நம்புங்கள். எங்கே, எப்பொழுது, எது செய்கையில் என்று வினவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். வைத்தியரிடம் அதனை எடுத்துச் செல்லுங்கள். அவர்க்கு வேண்டுவது அதுவே. உறக்கமின்றி, பேச்சொழிந்து, உணவில் விருப்பமின்றி அவர் வாடினால், அதனையும் சொல்லுங்கள், மனச்சோர்வும் இச்சிகிச்சைக்குப் பின் பலர்க்கு நேர்வதே, அதற்கும் மருந்துண்டு.

நமது சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். சிகிச்சைக்கு முன் பொருளுதவி செய்வதோடு நமது கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. தனித்து வாழும் முதியோரை மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்ல இளைஞர் சிலர் முன்வருவாராக. இச்சிகிச்சை பெற்றோர் மாதம் ஒருமுறை இம்மண்டபத்திலேயே கூடித் தம் குறைகளைப் பேசிக்கொள்ள இடந்தருவோமாக. அடுத்திருப்பவர்க்கும் அவ்வாறே எரிகின்றது என்று கேட்ட மாத்திரத்தில் பாதி அச்சம் நீங்கும்.

வலி முற்றும் ஒழியாவிட்டாலும், அதனை அறிந்தவர் அதற்கு அடிமையாகார். பேரனைத் தோளில் தூக்க இயலாத நாளில், கையைப் பிடித்து நடத்திச் செல்லலாம். அதற்காகவன்றோ இந்த ஆயுள் நீட்டிக்கப்பட்டது!