சுரத்தில் எழுந்த அழுகுரல்



பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழ்வோர் யாவரும் அஞ்சும் செய்தி ஒன்று உண்டு. முன்னாளில் அது தந்தியாக வந்தது. தந்திப்பணி 2013-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. இன்று அச்செய்தி நள்ளிரவில் தொலைபேசி வழியே வருகிறது. சில வேளைகளில் இதற்கு மாறாகவும் நிகழ்வதுண்டு. இங்கே ஒருவர் இறந்துபட, ஊரிலிருக்கும் அவர் தாய்க்கு நாம் அதனைச் சொல்ல நேர்கிறது. கேட்பதினும் சொல்வது கொடிது.

இத்துயரைப் பழந்தமிழ்ப் புலவர்கள் அறிந்திருந்தனர். வழிநடைக்கண் கொடிய சுரத்தின் நடுவே கணவனை இழந்து, தன்னந்தனியே நின்ற மனைவி புலம்புவதற்கு ‘முதுபாலை’ என்று பெயர். தொல்காப்பியப் புறத்திணையியல் இதனைக் கூறுகிறது. உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அச்சேற்றிய புறநானூற்றில், 253 முதல் 256 வரையுள்ள நான்கு பாடல்கள் இத்துறையைச் சேர்ந்தவை. மன்னர் மறைவுக்கு இரங்கும் கையறுநிலைப் பாடல்கள் இறந்தவரின் கொடையையும் புகழையும் பேசும். முதுபாலையிலோ இறந்தவன் பெயரையே நாம் அறியோம். எஞ்சி நின்றவளின் நிலைதான் பாட்டு.

வன்பரணர் பாடிய 255-ஆம் பாடலில் ஒரு பெண் செய்வதறியாது நிற்கிறாள். வாய்விட்டு அரற்றினால் புலி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். அணைத்து எடுத்துச் செல்லலாம் என்றாலோ, அவன் அகன்ற மார்பை அவளால் தூக்க இயலவில்லை. தன்னைப்போலவே கூற்றுவனும் நடுங்கட்டும் என்று வைகிறாள். பிறகு அவனிடமே பேசுகிறாள்: என் கையைப் பற்றிக்கொண்டு சற்றே நட, மலையின் நிழலை அடைந்துவிடலாம் என்கிறாள். அவன் எழமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் நெஞ்சம் உடனே ஒப்புவதில்லை.

கயமனாரின் 254-ஆம் பாடலில் அவலம் ஊருக்குத் திரும்புகிறது. வளையிழந்த கையோடு சென்று இதனை நான் சொன்னால், அவன் தாய் என்னாவாள் என்று மனைவி கலங்குகிறாள். ஊர்முகப்பில் பழுத்த ஆலமரத்தைப் பறவைகள் நாடி வருவதுபோன்றது என் மகனின் செல்வமும் சிறப்பும் என்று நாள்தோறும் பெருமை பேசுபவள் அத்தாய். அவளுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. அறியாத அந்த இடைவேளையைப் புலவர் கண்டுகொண்டதே இப்பாட்டின் உயிர்.

256-ஆம் பாடலில் அப்பெண் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு உடன்வந்த சிறு பல்லியைப்போல் நானும் அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தேன். ஆகவே தாழியை எனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனைந்து தா என்று வேண்டுகிறாள்.

இம்மூன்று பாடல்களிலும் ஆறுதல் மொழி ஒன்றேனும் இல்லை. நிலையாமை பற்றிய உபதேசமும் இல்லை. உடலைத் தூக்க வேண்டும், தாய்க்குச் சொல்ல வேண்டும், அடக்கம் செய்ய வேண்டும். இவை மூன்றும் ஒருத்தியின் தலையில் விழுகின்றன. துயரம் அவளைச் செயலற்றவளாக்கும் அந்த வேளையிலேயே இத்தனை செயல்களும் காத்து நிற்கின்றன.

நம் குடியிருப்பில், உறவினர் அருகில்லாத ஒரு வீட்டில் இறப்பு நேரும்போது இப்பாடல்களை எண்ணிப் பாருங்கள். அங்கே தத்துவம் பேச வேண்டுவதில்லை. தூக்குவதற்கு ஒரு தோள் கொடுங்கள். ஊரிலுள்ள தாய்க்குச் சொல்லும்போது அருகில் அமர்ந்திருங்கள். சுரத்தில் நின்ற அப்பெண்ணுக்குக் கிட்டாத துணை அதுதான்.