ஊருக்கு ஊர் ஒரு மணி

இந்த நிமிஷம் மணி என்ன என்று கேட்டால் கன்னியாகுமரியிலும் கல்கத்தாவிலும் ஒரே பதில்தான் வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லை. 1925-இல் பம்பாயில் ரயிலை விட்டு இறங்குகிற ஒருவர், நிலையத்துக் கடிகாரத்தில் 10 மணி பார்த்துவிட்டு வெளியே வருவார். அங்கே ஊர்க் கடிகாரம் 9 மணி 21 நிமிஷம் காட்டும். இரண்டிலும் பழுது கிடையாது. உள்ளே இருப்பது இந்தியப் பொது நேரம், வெளியே இருப்பது பம்பாய் நேரம்.

சூரியன் உச்சிக்கு வந்தால் பகல் 12 மணி என்று ஊருக்கு ஊர் தனிக் கணக்கு இருந்த காலத்தின் மிச்சம் அது. கல்கத்தாவில் உச்சிப்பொழுதாகி 32 நிமிஷம் கழித்துத்தான் சென்னையில் உச்சிப்பொழுது. பம்பாய்க்கு இன்னும் ஒரு 30 நிமிஷம் ஆகும். மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்த வரை இது யாருக்கும் உறைக்கவில்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகுதான் சிக்கல். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மணி வைத்துக்கொண்டு ரயில் அட்டவணை போட முடியுமா?

அப்போது ரயில்வே கையில் எடுத்தது நம் சென்னை நேரத்தை. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வுக் கூடம் இருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து அங்கே கணித்த நேரம் தந்தி வழியாக ரயில் நிலையங்களுக்குப் போகும். கல்கத்தா நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் சென்னை நேரம் இருந்ததும் வசதியாகப் போயிற்று.

பம்பாய்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1881-இல் அரசு அலுவலகங்களெல்லாம் சென்னை நேரப்படி நடக்கட்டும் என்று அங்கே கவர்னர் உத்தரவு போட்டார். ஊரே எதிர்த்தது. பல்கலைக்கழகத்து ராஜாபாய் கோபுரத்தில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. அது சென்னை நேரத்தைக் காட்டினால்தான் இரவில் அதற்கு விளக்குப் போடும் செலவைத் தருவோம் என்றது அரசு. பல்கலைக்கழகம் மசியவில்லை. இரண்டே வருஷத்தில் அரசுதான் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

பிறகு 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னையில் கடிகார முள்ளை ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளினார்கள், வேலை முடிந்தது. பம்பாயிலோ 39 நிமிஷம் தள்ள வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். காலை 6 மணிக்குச் சங்கு ஊதும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கணக்குப்படி அந்தச் சங்கு பழைய 5 மணி 21 நிமிஷத்துக்கே ஊதிவிடும். ஏற்கெனவே விடியுமுன் எழுந்து ஓடுகிறவனிடமிருந்து இன்னும் 39 நிமிஷ இருட்டுத் தூக்கத்தைப் பிடுங்கினால் அவன் சும்மா இருப்பானா? அவர்கள் கேட்டது முழு நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கில அரசு வங்காளத்தைப் பிரித்ததால் நாடே கொந்தளித்திருந்த நேரம் வேறு. மாநகராட்சியும் பழைய பம்பாய் நேரத்தையே வைத்துக்கொண்டது. அதனால் சுதந்திரம் வந்த பிறகும் சில வருஷங்கள், பம்பாயில் மணி சொல்கிறவர் எந்த மணி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கல்கத்தாவும் 1948 வரை தன் மணியை விடவில்லை. ஆனால் அங்கே கதை தலைகீழ். ஊர் மணி பொது நேரத்துக்கு ஏறக்குறைய 24 நிமிஷம், அதாவது நம் கணக்கில் ஒரு நாழிகை, முன்னால் ஓடியது. 9 மணி ரயிலுக்கு வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக 9 மணிக்கு வந்து நின்ற கல்கத்தாக்காரருக்கு, மூட்டை முடிச்சோடு ஒரு நாழிகை உட்கார நேரம் இருக்கும். அதே நம்பிக்கையோடு பம்பாயில் ஒருவர் வந்தால், வண்டி போய் 39 நிமிஷம் ஆகியிருக்கும்!

கடிகாரத்தில்தான் மணி ஒன்றாயிற்று, சூரியன் மாறவில்லை. இன்றும் சராசரிக் கணக்கில் சூரியன் கல்கத்தாவில் 11 மணி 37 நிமிஷத்துக்கும், சென்னையில் 12 மணி 9 நிமிஷத்துக்கும், பம்பாயில் 12 மணி 39 நிமிஷத்துக்கும்தான் உச்சிக்கு வருகிறது. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் இருக்கும். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதன் நிழல் மிகவும் குறுகும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள், உங்கள் ஊரின் பழைய 12 மணி தெரிந்துவிடும். ஒரு காலத்தில் ரயில்களுக்கு மணி சொன்ன நுங்கம்பாக்கத்துக் கூடத்தில் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்றைய வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது.